ஒரு கோழிக்கு ஓர் ஆழாக்கு

செவலை செத்துப் போனது 2022 சித்திரையில், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். காலையில் முட்டை இட்டாள். மதியம் முருங்கை மரத்தடியில் மண்ணைப் பறித்துப் படுத்திருந்தாள். நாலு மணிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன், அதே குழியில் ஒரு சிறகை விரித்தபடி கிடந்தாள். முந்தின நாள் வரை செம்பருத்திப் பூ மாதிரி இருந்த கொண்டை வெளுத்துப் போயிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. கழிச்சல் இல்லை, சளி இல்லை, தூங்கி விழவும் இல்லை. தூக்கினேன், நல்ல கனம். மூன்று வேளையும் வயிறு நிறையத் தின்ற கோழி இது, எப்படிச் செத்தது என்று எனக்குப் புரியவில்லை.

அந்தச் சமயம் எங்கள் தெருவில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் என்று பேச்சிருந்தது. மீதி ஒன்பது வெடைக்கும் சேவலுக்கும் பரவிவிடுமோ என்ற பயத்தில் செவலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். பின்பக்கம் சிமெண்ட் மேடையில் வைத்து அறுத்துப் பார்த்தார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

தோலைக் கிழித்ததுமே மஞ்சளாகத் தெரிந்தது. கறிக்கடையில் நாட்டுக்கோழி அறுக்கும்போது கொஞ்சம் மஞ்சள் கொழுப்பு பார்த்திருக்கிறேன், இது அப்படி இல்லை. வயிறு முழுக்க விரல் கனத்துக்கு வெண்ணெய் அப்பியது போல் இருந்தது. அரைவைப்பை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, கொழுப்பை ஒதுக்கித்தான் அதைக் காட்டினார். அப்புறம் கல்லீரல். கருஞ்சிவப்பாக, பளபளவென்று இருக்க வேண்டியது, களிமண் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. டாக்டர் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். புட்டு உதிர்வது போல உதிர்ந்தது. அதன் மேலே ஜெல்லி மாதிரி உறைந்த ரத்தம்.

"கல்லீரல்ல கொழுப்பு ஏறி, அது வெடிச்சு, உள்ளயே ரத்தம் கசிஞ்சு செத்திருக்கும்மா. நோய் இல்ல, மத்த கோழிக்குத் தொத்தாது. ஆனா மத்ததும் இதே தீனி தின்னுதுன்னா இதே மாதிரி ஆகலாம். என்ன போடுறீங்க?" என்று கேட்டார்.

சொல்லச் சொல்ல எனக்கே தொண்டை அடைத்தது. காலையில் பழைய சோறு, தயிர் ஊற்றிப் பிசைந்தது. மிஞ்சின இட்லி. பத்து மணிக்குப் பையன் போடும் முறுக்கு, மிக்சர். மூன்று மணிக்கு அத்தை, என் மாமியார், உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார், தனக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று. சாயந்தரம் அரிசிக் குருணை, தரை தெரியாத அளவுக்கு. அது போக ஒரு தட்டில் கடையில் வாங்கின முட்டைக்கோழித் தீவனமும் இருக்கும். அதை எந்தக் கோழியும் ஏறெடுத்துப் பார்க்காது. பார்க்காததால் அது பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குருணை போடுவோம்.

பெரம்பலூருக்குக் கொஞ்சம் வெளியே எங்கள் வீடு. பின்னால் முப்பதுக்கு இருபது அடிக் கொல்லை, சுற்றிலும் மதில். 2020 ஊரடங்கின்போது வாங்கின குஞ்சுகள் இவை. முட்டைக்காக வளர்த்தெடுத்த கிராமப்பிரியா ரகத்தில் ஆறு, சின்ன உடம்பு நாட்டுக்கோழியான சிறுவிடை நாலு, ஒரு சேவல். வளர்ந்ததும் முழுப் பொறுப்பையும் என் மாமியார் எடுத்துக்கொண்டார். மாமா போன பிறகு அத்தை அதிகம் பேசுவதில்லை. கோழிகளிடம் பேசுவார். "பா பா பா" என்று அவர் குரல் கேட்டால் போதும், பத்தும் சிறகடித்து ஓடி வரும். அந்த ஓட்டத்தைப் பார்க்கவே அவர் தீனி போடுவார் என்று நினைக்கிறேன். அதனால் டாக்டர் சொன்னதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். உங்கள் கையால் போட்ட சோற்றால்தான் செவலை செத்தாள் என்று அவரிடம் எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் அத்தையே அதற்குப் பாதி வழி கொடுத்தார். "எங்க அப்பா வீட்டுல இருபது கோழி இருந்துச்சு. யாரு தீவனம் வாங்குனா? காலையில தொறந்து விடுறப்ப ஒரு கை கம்பு, சாயந்தரம் பஞ்சாரத்துல கவுக்குறப்ப ஒரு கை நொய்யி. ஒண்ணுமே வயித்துக் கொழுப்புல சாவலியே" என்றார்.

அவர் சொன்னதில் எல்லாமே இருந்தது. ஒரு கை. அதுவும் இருபது கோழிக்கும் சேர்த்து. மீதியைக் கோழியே தேடிக்கொண்டது. களத்துமேட்டில் சிந்தின தானியம், எருக்குழியில் புழு, வரப்பில் வெட்டுக்கிளி, கரையான், கீரைக்கொழுந்து. பகல் முழுக்க நடந்து, சீய்த்து, ஓடித் தின்ற தீனி. அந்தக் கோழிக்குப் புழுவில் புரதம் கிடைத்தது, இலையில் வைட்டமின் கிடைத்தது, மண்ணில் சுண்ணாம்பும் கல்லும் கிடைத்தன. சாயந்தரம் போட்ட நொய்க் குருணை வீட்டுக்கு வர வைக்கும் கூலி மட்டும்தான். நாங்கள் செய்தது என்ன? மதிலுக்குள் அடைத்து, புழுவை எடுத்துவிட்டு, நடையை எடுத்துவிட்டு, அந்த ஒரு கை நொய்யை மட்டும் பத்து மடங்காக்கினோம்.

டாக்டர் சொன்னதையும் அதற்கப்புறம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கோழி உடம்பில் கொழுப்பு உருவாகிற முக்கிய இடம் கல்லீரல். முட்டையின் மஞ்சள் கருவுக்கு வேண்டிய கொழுப்பும் அங்கேதான் தயாராகிறது. அதனால் முட்டை இடுகிற காலத்தில் அதன் கல்லீரல் ஏற்கெனவே மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் சோறு, குருணை, மக்காச்சோளம் என்று மாவுச்சத்தை மட்டும் கொட்டினால், செலவாகாத மாவு அங்கேயே கொழுப்பாக மாறி, கல்லீரலிலும் வயிற்றிலும் தேங்கிவிடும். செத்துப் போகும் நாள் வரை கொண்டை சிவந்து, முட்டையும் இட்டுக்கொண்டு, பார்க்க ராணி மாதிரி இருக்கும். செவலை அப்படித்தான் இருந்தாள். வெயில் காலத்தில் இது இன்னும் மோசம். கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். கொழுப்புப் போர்வை போர்த்திய உடம்பு அந்தச் சூட்டை வெளியே விடாது.

சாவு கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் தெரிந்த அறிகுறிகளை நான் அறிகுறி என்றே நினைக்கவில்லை. பத்து வெடையிலிருந்து நாளுக்கு இரண்டு, மூன்று முட்டைதான் வந்துகொண்டிருந்தது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன், இரண்டு வயசு ஒரு வயசே இல்லை. ஓடு மெலிசாகி, எடுக்கும்போதே விரல் பதிந்தது. ஓடே இல்லாத தோல் முட்டை இரண்டு தடவை வந்தது. கருப்பி ஒருநாள் முழுக்க முட்டையை வெளியே தள்ள முடியாமல் முக்கிக்கொண்டு நின்றாள். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து எடுத்தோம். வயிற்றுக்குள் கொழுப்பு அடைத்துக்கொண்டால் முட்டை வரும் வழி நெருக்கமாகிவிடும், அடிவயிறு தள்ளிவிடவும் செய்யும். கட்டையில் ஏறாமல் தரையிலேயே படுத்த கோழி ஒன்று. பரணிலிருந்து குதித்துக் குதித்துப் பாதத்தில் கொப்பளம் வந்தது ஒன்று. எல்லாம் ஒரே காரணம்.

மருத்துவமனையில் டாக்டர் கற்றுக்கொடுத்ததில் ரொம்பப் பெரிய விஷயம், கோழியைத் தொட்டுப் பார்ப்பது. இறகு எல்லாவற்றையும் மறைத்துவிடும். கண்ணால் பார்த்து எந்தக் கோழி கொழுத்தது, எது மெலிந்தது என்று சொல்லவே முடியாது. கோழியை இடது கைக்குள் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், தலை உங்கள் முதுகுப் பக்கம் பார்க்கட்டும். வலது கை விரல்களை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, நடுவில் ஓடுகிற மார்பெலும்பைத் தடவுங்கள். எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் பள்ளமாக இருந்தால் கோழி மெலிந்திருக்கிறது. எலும்பின் முனை விரலுக்குத் தெரிய வேண்டும், அதன் இரண்டு பக்கமும் சதை மெதுவாகச் சரிந்து இறங்க வேண்டும், அதுதான் சரியான உடம்பு. எலும்பையே தேட வேண்டியிருந்தால், இரண்டு பக்கச் சதையும் அதைத் தாண்டி உப்பியிருந்தால், கொழுப்பு ஏறிவிட்டது. அன்று சாயந்தரம் ஒன்பதையும் பிடித்துத் தடவினேன். ஐந்து கிராமப்பிரியாவில் நாலுக்கு எலும்பு கைக்கு அகப்படவே இல்லை. சிறுவிடைகளில் ஒன்றுதான் அப்படி.

இன்னோர் இடமும் உண்டு. வாலுக்குக் கீழே, முட்டை வருகிற துவாரத்துக்குக் கீழ்ப்பக்கம். முட்டை இடுகிற கோழிக்கு அந்த இடம் மெத்தென்று, தளதளவென்று இருக்கும். இரண்டு பக்க இடுப்பெலும்புக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் வைக்க இடம் இருக்கும். கொழுத்த கோழிக்கு அங்கே ஒரு மாவு உருண்டையை வைத்துத் தைத்தது மாதிரி கெட்டியாக இருக்கும். இறகை ஊதி விலக்கினால் தோலுக்கடியில் மஞ்சள் தெரியும்.

சரி, தெரிந்துகொண்டாயிற்று. அடுத்த நாளே நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். தீனியைச் சட்டென்று பாதியாக்கிவிட்டேன். சோறு இல்லை, குருணையில் பாதி, அவ்வளவுதான். நாலு நாளில் கொல்லை முழுக்கச் சண்டை. பெரியது சின்னதை விரட்டிக் கொத்தியது. ஒரு சிறுவிடையின் முதுகில் இறகைப் பிடுங்கிப் புண்ணாக்கிவிட்டன. இட்ட முட்டையை உடைத்துக் குடிக்கவும் பழகிக்கொண்டன. முட்டை நாளுக்கு ஒன்றானது. டாக்டரிடம் போனில் கேட்டபோது, "பட்டினி போடாதீங்கம்மா. கொழுத்த கோழியைப் பட்டினி போட்டா கல்லீரலுக்கு அது இன்னொரு அடி. அளவைக் குறைக்கிறதை விட முதல்ல என்ன போடுறீங்கங்கறதை மாத்துங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதுதான் விஷயம். கோழி வெறும் வயிற்றை நிரப்பத் தின்பதில்லை. முட்டை ஓட்டுக்கு மட்டும் ஒரு முட்டைக்கு 2 கிராம் கால்சியம் வேண்டும். வெள்ளைக்கருவுக்குப் புரதம் வேண்டும். முட்டைக்கோழி தின்னும் தீனியில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். குருணையில் 8 சதவீதம்தான் இருக்கிறது. வெந்த சோற்றில் முக்கால்வாசித் தண்ணீர், அதில் புரதம் 3 சதவீதம்கூடத் தேறாது. கடலையில் புரதம் உண்டு, ஆனால் பாதிக்குப் பாதி எண்ணெய். ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 300 கலோரி அளவில்தான் தேவை. உரித்த வேர்க்கடலை 20 கிராமிலேயே 110 கலோரிக்கு மேல் போய்விடும். அதாவது அத்தை பிரியமாகப் போட்ட ஒரு பிடி கடலை, கோழியின் ஒரு நாள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. மீதி இடத்தைச் சோறும் குருணையும் பிடித்துக்கொண்டால், புரதத்துக்கும் சுண்ணாம்புக்கும் வயிற்றில் இடமே இல்லை. ஒரே கோழி ஒரே நேரத்தில் கொழுத்தும் இருக்கும், சத்துக் குறைவாகவும் இருக்கும். எங்கள் கோழிகளுக்கு மெல்லிய ஓடும் மஞ்சள் வயிறும் சேர்ந்தே வந்தது அதனால்தான்.

எங்கள் பக்கம் மக்காச்சோளத்துக்குப் பஞ்சமில்லை, பெரம்பலூர் மாவட்டமே மக்காச்சோளக் காடு. அதனால் தீவனத்தை வீட்டிலேயே கலக்க ஆரம்பித்தேன். பத்து கிலோவுக்கு என் கணக்கு இது. மாவு மில்லில் குருணையாக உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, கம்பு 1 கிலோ 300 கிராம், எண்ணெய் எடுத்த தவிடு 1 கிலோ 200 கிராம், சோயா புண்ணாக்கு 1 கிலோ 800 கிராம், உப்பில்லாக் கருவாட்டுத்தூள் அரைக் கிலோ, கோழிக்கான தாது உப்பு வைட்டமின் கலவை 200 கிராம். இதில் புரதம் பதினேழரை சதவீதம் அளவில் வரும். சோயா புண்ணாக்கு என்றால் ஆலையில் சூடு பண்ணி எண்ணெய் எடுத்ததுதான். பச்சை சோயாபீன்ஸை அரைத்துப் போடக்கூடாது, அது செரிமானத்தைக் கெடுக்கும். கருவாட்டுத்தூளில் உப்பு இருந்தால் கோழிக்கு விஷம், வாங்கும்போது நாக்கில் வைத்தே பார்த்துவிடுகிறேன்.

புரதத்துக்குக் கடலைப் புண்ணாக்கு போடலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல புண்ணாக்கு என்றால் போடலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது பூஞ்சை பிடித்தால் அந்தப் பூஞ்சையின் நஞ்சு நேராகக் கல்லீரலைத்தான் தாக்கும். ஏற்கெனவே கல்லீரல் நொந்த கோழிகளை வைத்துக்கொண்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை. கொஞ்சம் மக்கின வாடை அடித்தாலும் எந்தத் தானியமும் என் கோழிக்குக் கிடையாது.

ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் போட வேண்டும், ஆனால் அதைக் கலவையில் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சேவலுக்கும் முட்டைக்கு வராத குஞ்சுக்கும் அவ்வளவு சுண்ணாம்பு ஆகாது, சிறுநீரகம் கெடும். அதனால் உடைத்த கிளிஞ்சலைத் தனியாக ஒரு கொட்டாங்குச்சியில் வைத்துவிடுகிறேன். யாருக்கு வேண்டுமோ அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முட்டை ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகிறது. அதனால் சாயந்தரம் அடையப் போகும் முன்னால் வெடைகள் வரிசையாக அந்தக் கொட்டாங்குச்சிக்குப் போகும், சேவல் திரும்பிக்கூடப் பார்க்காது. இதை முதல் தடவை கவனித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தனக்கு எது குறைகிறது என்று அதற்குத் தெரிகிறது. நாம் அதன் முன்னால் சரியானதை வைத்தால் போதும். முட்டை ஓட்டையும் காயவைத்து நுணுக்கி அதிலேயே சேர்த்துவிடுகிறோம். முழு ஓடாகப் போட்டால் முட்டை குடிக்கும் பழக்கம் வரும், நன்றாக நொறுக்க வேண்டும்.

அளவுதான் அடுத்த பாடு. ஒரு வளர்ந்த கோழிக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் என்பது பொதுக்கணக்கு. யார் தினமும் தராசு வைத்து அளப்பது? அத்தையின் பழைய பித்தளை ஆழாக்கு ஒன்று பரணில் கிடந்தது. அதில் தீவனத்தைத் தலை தட்டி அளந்து, தராசில் வைத்தேன். 110 கிராம். எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஒரு கோழிக்கு ஓர் ஆழாக்கு, ஒரு நாளைக்கு. அத்தையிடம் அதை விளக்கித் தேய்த்துக் கொடுத்து, "இனிமே நீங்க அளந்து போடுங்க அத்தை, காலையில அஞ்சு, சாயந்தரம் அஞ்சு" என்றேன். சேவலையும் சேர்த்துப் பத்து. தீனி போடாதீர்கள் என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார், மனசும் உடைந்திருக்கும். அளந்து போடும் வேலை அவருக்கு கௌரவமாக இருந்தது. பையனையும் கிட்டே வர விடவில்லை. "ஆழாக்குக் கணக்கு கெட்டுப் போயிரும்" என்று முறுக்குப் பாக்கெட்டோடு வந்தவனை விரட்டிவிட்டார்.

பழைய சோற்றிலிருந்து கலவைக்கு மாற்ற மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் சோற்றில் கால் பங்கு தீவனத்தைப் பிசைந்து, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். மாவாக இருந்தால் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை இறைத்துவிடும், அதனால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் புட்டுமாவுப் பதத்தில் போட்டோம். ஈரப்படுத்தினதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடக்கூடாது, புளித்துவிடும். இரண்டு தட்டாக இருந்ததை நாலாக்கித் தள்ளித் தள்ளி வைத்தோம். இல்லாவிட்டால் பெரியது தன் பங்கையும் சின்னதன் பங்கையும் தின்னும், சராசரிக் கணக்கு சரியாக இருந்தும் ஒன்று கொழுக்கும், ஒன்று இளைக்கும்.

தீனியை மாற்றியது பாதிதான். மீதிப் பாதி, நடக்க வைப்பது. முப்பதுக்கு இருபது அடியில் எங்கே நடக்கும்? சோம்பேறிக் கோழி என்று ஒன்று கிடையாது, நடக்கக் காரணம் இல்லாத கோழிதான் உண்டு. கொல்லையின் ஒரு மூலையில் வேப்பஞ்சருகு, கரும்புச் சோகை, வைக்கோல் எல்லாம் முழங்கால் உயரத்துக்குக் கொட்டினோம். அத்தையின் மூன்று மணிக் கடலைக்குப் பதிலாக, அதே நேரத்தில் இரண்டு பிடி கம்பை அந்தச் சருகுக்குள் வீசச் சொன்னேன். இதையும் அன்றைய பத்து ஆழாக்குக் கணக்கிலேயே கழித்துக்கொள்வோம். இரண்டு பிடிக் கம்பைத் தேடிப் பத்தும் ஒன்றரை மணி நேரம் சீய்க்கும். "பா பா பா" குரலும் அந்த ஓட்டமும் அப்படியே இருந்தன, அத்தைக்கு எதுவும் குறையவில்லை. முருங்கைக் கீரையைக் கட்டாகக் கட்டி, கோழி எம்பிக் கொத்தும் உயரத்தில் கயிற்றில் தொங்கவிட்டோம்.

கரையான் பானை அத்தையின் யோசனை. உடைந்த பானை ஒன்றில் காய்ந்த சாணம், பழைய சாக்குத் துண்டு, மக்கின ஓலை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் புற்று இருக்கிற இடமாகப் பார்த்துச் சாயந்தரம் கவிழ்த்து வைத்தார். காலையில் பானைக்குள் அரிசி கொட்டினது போல வெள்ளை வெள்ளையாகக் கரையான். இது அத்தையின் அப்பா வீட்டில் குஞ்சுகளுக்குச் செய்வதாம். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், அது முக்கியம். ஒரு சில்பாலின் பிளாஸ்டிக் ஷீட் விரித்துத் தண்ணீர் விட்டு, அசோலா என்கிற மிதக்கும் சின்ன நீர்ச்செடியும் வளர்த்தேன். கோழிகள் ஆசையாகத் தின்னும். ஆனால் பச்சை அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், ஒரு கை அசோலா போட்டுவிட்டுப் புரதம் கொடுத்தாயிற்று என்று நினைக்க முடியாது. அது கீரை, அவ்வளவுதான்.

வெயில் காலத்தில் மட்டும் நேரத்தை மாற்றுவோம். தின்றது செரிக்கும்போது உடம்பு சூடாகும், அதனால் காலைப் பங்கை ஆறு மணிக்குள், சாயந்தரப் பங்கை ஐந்து மணிக்குப் பிறகு. தண்ணீர் தீனியின் எடையைப் போல இரண்டு மடங்கு வேண்டும், கத்திரியில் அதற்கும் மேலே. மண்சட்டியில் நிழலில் வைத்து, மதியம் ஒரு தடவை மாற்றுவது நல்லது.

பலன் உடனே தெரியவில்லை. முதல் மாதம் முட்டை கூடவே இல்லை. ஞாயிறு தோறும் மீன் கடைக்காரர் தராசு மாதிரி ஒரு கொக்கித் தராசில் துணிப் பையை மாட்டி, ஒவ்வொன்றாக எடை போட்டுப் பையனின் நோட்டில் எழுதினேன். எல்லாவற்றிலும் கனமான கருப்பி 2 கிலோ 600. இரண்டாவது மாதம் 2 கிலோ 450. அப்புறம் மூன்று வாரம் அசையவே இல்லை, பொறுமை போய்விட்டது. நாலாவது மாதம் 2 கிலோ 150க்கு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தடவும்போது, விரல் நுனியில் மார்பெலும்பு கோடு மாதிரி முதல் தடவையாகத் தெரிந்தது. அதே வாரம் முட்டை நாளுக்கு ஐந்து, ஆறு என்று வர ஆரம்பித்தது. ஓடு கெட்டியாகி, கிண்ண விளிம்பில் தட்டினால் டக்கென்று சத்தம் வந்தது. ஐப்பசியில் இறகு உதிர்த்து எல்லாம் நின்றது, அது இயற்கை, அதற்கு யாரும் பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் தீனியைக் குறைக்கவும் கூடாது, புது இறகு முழுக்கப் புரதம்தான்.

எல்லாக் கோழியும் தேறவில்லை. கொழுத்திருந்த அந்த ஒரு சிறுவிடை, சாம்பலி, எடை குறைந்தும் முட்டைக்கு வரவில்லை. இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். சிறுவிடைக்கு ஆழாக்கு நிறையத் தேவையில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. ஒன்றேகால் கிலோ உடம்புக்கும் இரண்டு கிலோ உடம்புக்கும் ஒரே அளவு எப்படிச் சரியாகும்? இப்போது சிறுவிடைகளின் தட்டுக்கு முக்கால் ஆழாக்குதான். கிராமப்பிரியா மாதிரி வளர்த்தெடுத்த ரகங்களுக்குப் பசி அதிகம், கண்டதைத் தின்னும், சீக்கிரம் சதை போடும். வனராஜா இன்னும் கனமான ரகம். அதை முட்டைக்காக வளர்ப்பவர்கள் முட்டைக்கு வரும் முன்னாலிருந்தே அளந்து போடுவது நல்லது.

சோறு முழுசாக நின்றுவிட்டதா என்றால், இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும், ஒரு கோழிக்கு ஒரு தேக்கரண்டி அளவில் அத்தை தன் கையால் உருட்டிப் போடுவார். அதை நான் கேட்பதில்லை. டாக்டரும் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பரவாயில்லை என்றுதான் சொன்னார்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, "நாலு மாசமா எங்க கோழி முட்டையே விடல, நல்லாத்தான் கொழுகொழுன்னு இருக்கு" என்று ஒரு செவலைக் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தை திண்ணையில் இருந்து எழுந்து, எதுவும் கேட்காமல் அதை வாங்கி இடது கைக்குள் அணைத்துக்கொண்டார். நெஞ்சுக்கு அடியில் விரலைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, "எலும்பு தெரியுதா பாரு" என்றார். அக்கா கொஞ்ச நேரம் தேடிவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். அத்தை உள்ளே போய் ஆழாக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.